மரவள்ளி மாச்சத்தும் நொதிகளின் தொழிலும்

தருமபுரி ஜில்லாவில் மரவள்ளி பயிரிடும் குடியானவர்களுக்கு வருஷந்தோறும் நேரும் கஷ்டம் ஒன்றுண்டு. நெல்லையும் ராகியையும் அறுவடை செய்தவர்கள் விலை தணிந்திருக்குங்கால் அவற்றைக் குதிரிலோ மூட்டையிலோ சேமித்து வைத்து, விலை ஏறிய பின்னர் விற்கலாம். மரவள்ளிக் கிழங்குக்கு அந்த அவகாசம் கிடையாது. பிடுங்கிய இரண்டு அல்லது மூன்று நாட்களுக்குள் கிழங்கின் உட்புறத்தில் நீலங்கலந்த கருங்கோடுகள் ஓடத் தொடங்கும். அதற்கு மேலும் வைத்திருந்தால் கிழங்கு அழுகிப் போகும். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் ஆகிய பகுதிகளில் எட்டு முதல் பத்து மாதகாலம் களையெடுத்தும் நீர் பாய்ச்சியும் வளர்த்த பயிரின் கதி, லாரியில் ஏற்றிய அன்றைய விலையைப் பொறுத்ததாகிறது. கிழங்கு பூமியிலிருக்கும் வரையில் குடியானவனுக்குச் சற்றுப் பேரம் பேச இடமுண்டு. பிடுங்கிய பின்னர் அதுவும் இல்லை.

இந்தக் கஷ்டத்துக்கு மற்றொரு காரணம், கிழங்கு சென்றடையும் வழி ஒன்றேயாக இருப்பதாகும். இப்பிரதேசத்துக் கிழங்கில் பெரும்பகுதி ஜவ்வரிசியாகவும் ஸ்டார்ச்சு மாவாகவும் மாறுகிறது. இத்தொழில் சேலத்தில் வேரூன்றியது இரண்டாவது உலக யுத்த காலத்தில். மலேயா முதலிய கீழ்த்திசை நாடுகளிலிருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் வருவது யுத்தத்தால் நின்றுவிடவே, 1943ஆம் ஆண்டில் சேலத்து வியாபாரியாகிய மாணிக்கம் செட்டியார், பினாங்கில் அனுபவம் பெற்றிருந்த பொபட்லால் ஷா என்பாரின் உதவியோடு மரவள்ளிக் கிழங்கிலிருந்து இவற்றைச் செய்யத் தொடங்கினார். 1981ஆம் ஆண்டில் ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமாகிய சேகோசர்வ் சேலத்தில் ஏற்பட்டது. 2023ஆம் ஆண்டில் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவையெல்லாம் மகிழத்தக்கவையே. எனினும் ஜவ்வரிசியை அதிகமாக வாங்குவோர் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் முதலிய வடபிரதேசங்களில் விரத காலங்களில் அதனை ஆகாரமாகக் கொள்ளும் ஜனங்களாவர். ஆயிரம் மைலுக்கு அப்பால் விரத காலத்துக் கிராக்கி மந்தமாயிருந்தால், அதன் நஷ்டம் கடத்தூர்க் குடியானவனின் வாசலுக்கு வந்து சேர்கிறது.

மாச்சத்துக்கு ஜவ்வரிசி அல்லாத வேறு உபயோகங்கள் பெருகுமானால் இந்த நிலை ஓரளவு மாறக்கூடும். காகிதம், நூல், பசை, மருந்து மாத்திரை, மிட்டாய், பிளாஸ்டிக்குக்குப் பதிலான பைகள் ஆகிய எத்தனையோ பொருள்களுக்கு மாச்சத்து தேவைப்படுகிறது. ஆனால் கிழங்கிலிருந்து வடித்தெடுத்த மாச்சத்தை உள்ளபடியே இவற்றிற்குப் பயன்படுத்த இயலாது. அது குளிர்ந்த நீரில் கரைவதில்லை. வெந்நீரிலிட்டால் கெட்டிப் பசையாகிறது. அப்பசையும் சில நேரம் சென்றபின் நீர் கக்குகிறது. ஆகையால் அதன் குணத்தைச் சிறிது மாற்றியே உபயோகிக்க வேண்டியிருக்கிறது. மாற்றுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. திராவகங்களையும் வேறு கடும் ரசாயனங்களையும் கொண்டு மாற்றுவது ஒன்று. நொதிகள், அதாவது என்ஸைம்கள் எனப்படும் உயிர்ப்பொருள்களைக் கொண்டு மாற்றுவது மற்றொன்று. இரண்டாவது வழி நமது வீடுகளில் நெடுங்காலமாக, பெயர் தெரியாமலே, வழங்கி வருவதாகும்.

நொதியின் தொழிலை அறிவதற்கு முன் மாச்சத்து இன்னதென்று அறிதல் அவசியம். ஒரு கரும்பை நினைத்துக் கொண்டால் இது எளிதில் விளங்கும். கரும்பு கணுக்கணுவாகத் தொடர்ந்திருப்பதுபோல, மாச்சத்து என்பது குளுக்கோஸ் என்னும் சர்க்கரையின் நுண்ணிய கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்த சங்கிலியாகும். இச்சங்கிலி இருவகைப்படும். கிளையில்லாமல் நீண்டு செல்வது ஒருவகை. இதற்கு அமைலோஸ் என்று பெயர். கிளைகள் பலவாகப் பிரிந்து செல்வது மற்றொரு வகை; இதற்கு அமைலோபெக்டின் என்று பெயர். மரவள்ளி மாச்சத்தில் முதல்வகை ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாது. எஞ்சியதெல்லாம் கிளைச் சங்கிலியே. அதோடு புரதமும் கொழுப்பும் இதில் மிகச் சொற்பம். மரவள்ளிப் பசை கண்ணாடிபோல் தெளிவாகவும் வாசனையின்றியும் இருப்பதற்கு இவையே காரணங்கள். சோளப்பசைக்கும் கோதுமைப்பசைக்கும் இத்தெளிவு வராது.

நொதிகள் உயிருள்ளவை அல்ல; உயிருள்ளவற்றில் உண்டாகும் ஒருவகைப் புரதங்களாம். மாச்சத்தை அறுக்கும் நொதிகளுக்கு அமைலேஸ் என்று பொதுப்பெயர். அவற்றில் ஆல்பா அமைலேஸ் என்பது, அரிவாள் எடுத்தவன் கரும்பை நடுவில் எங்கு வேண்டுமாயினும் வெட்டிப் போடுவதுபோல, சங்கிலியை இடையிடையே துண்டிக்கிறது. நீண்ட சங்கிலி துண்டானவுடன் பசையின் கெட்டித்தன்மை போய்விடுகிறது. பீட்டா அமைலேஸ் என்பது நுனியிலிருந்து இரண்டிரண்டு கணுவாக நறுக்கி வருவது. இவ்விரண்டு கணுத் துண்டே மால்ட்டோஸ் என்னும் சர்க்கரை. கிளை பிரியும் இடம் வந்தால் இந்நொதி நின்றுவிடும். குளுக்கோ அமைலேஸ் என்னும் மூன்றாவது நொதி ஒவ்வொரு கணுவாக அறுப்பது. கிளை குறுக்கிட்டாலும் தாமதமாகவேனும் அதனைக் கடந்து செல்லும். ஒவ்வொரு நொதிக்கும் தொழில் இன்னதென்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஒன்றன் தொழிலை மற்றொன்று செய்யாது. பூட்டுக்கு ஏற்ற சாவி என்னும் உவமையை 1894ஆம் ஆண்டில் ஜெர்மன் ரசாயன அறிஞர் எமில் ஃபிஷர் கூறியது இக்காரணம் பற்றியே. திராவகத்துக்கோ இந்த விவேகம் கிடையாது. அது அகப்பட்ட இடத்தையெல்லாம் அறுக்கும். தொழில் முடிந்தபின் அதனை முறிக்கக் காரமிட வேண்டும். காரமிட்டால் உப்பு மிஞ்சும்.

இனி, இந்த ஜில்லாவின் பிரதான தானியமாகிய ராகியிடத்தில் இவ்விஷயம் எவ்வாறு அமைந்திருக்கிறதென்று பார்க்கலாம். பச்சை ராகிமாவில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சினால் அது ஆறுந்தோறும் கெட்டியாகிறது. குழந்தையால் விழுங்க முடிவதில்லை. தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்தால் சத்துக் குறைகிறது. முளைகட்டிய ராகிமாவில் காய்ச்சிய கஞ்சியோ, மாவு அதிகமிட்டாலும் இளகியே நிற்கும். சற்றே தித்திக்கவும் செய்யும். இதனை இப்பக்கத்துப் பெண்மக்கள் அனுபவத்தால் அறிவர். தானியம் முளைக்கும்போது, இளஞ்செடி உண்பதற்காக விதையிலுள்ள மாச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் பொருட்டு, அமைலேஸ் நொதி விதையினுள் மிகுதியாக உண்டாகிறது. அந்நொதியே கஞ்சியை இளக்குகிறது. சிறுதானியங்களுக்குள் முளைத்த ராகியில் இந்த வலிமை சிறப்பாக உண்டென்பது ஆராய்ச்சியாளர் கண்டது.

இதனை எவரும் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். சுத்தமான ராகியைப் பன்னிரண்டு மணி நேரம் நீரில் ஊறவைத்து, இடையே ஒருமுறை நீரை மாற்றி, பின்னர் வடித்து ஈரத்துணியில் கட்டி வைத்தல் வேண்டும். துணி காயாதபடி நீர் தெளித்துவர, இரண்டு மூன்று நாட்களில் முளை நன்றாக வெளிவரும். பூஞ்சணம் பிடித்த வாசனை சிறிது வந்தாலும் அந்த ராகியைத் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். முளைத்ததை நிழலிலோ இளவெயிலிலோ உலர்த்தி, கையால் தேய்த்து முளைகளைப் போக்கி, மாவாக அரைத்துக்கொள்ள வேண்டும். இதனை இருபங்காக்கி ஒரு பங்கை வாணலியில் நன்றாகச் சிவக்க வறுத்துத் தனியே வைக்கவும்.

பிறகு மரவள்ளி ஸ்டார்ச்சு 100 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, கட்டி விழாமல் கிண்டிக் காய்ச்சினால், சுமார் 60 முதல் 70 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் அது பொங்கிக் கண்ணாடிப் பசையாகும். முழுதும் வெந்தபின் அடுப்பை விட்டிறக்கி, இரண்டு பாத்திரங்களில் சமமாக ஊற்றி, 65 டிகிரி அளவுக்கு ஆறவிட வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள், விரல் பொறுக்கமாட்டாத ஆனால் கொதி அடங்கிய சூடு என்று கொள்ளலாம். ஒரு பாத்திரத்தில் வறுக்காத முளைமாவு 5 கிராமைச் சிறிது குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றிக் கிண்டவும்; மற்றதில் அதே அளவு வறுத்த மாவை விடவும். முதற்பாத்திரத்தில் கரண்டி நிற்கும்படி இருந்த பசை, பத்துப் பதினைந்து நிமிஷங்களில் நீர்போல் இளகுவதைக் காணலாம். இரண்டாவது பாத்திரத்தில் யாதொரு மாறுதலும் இராது. நொதி புரதமாகையால் வறுத்த சூட்டில் அது செயலிழந்தது. கடையில் விற்கும் சத்துமாவுகளில் ராகியை முளைகட்டியபின் மணத்துக்காகப் பலமாக வறுத்திருப்பார்களேயாயின், அதனால் கஞ்சி இளகாது. முளைகட்டிய பலனில் பாதி போயிற்று என்றே சொல்ல வேண்டும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் அயோடின் மருந்தில் ஒரு துளியை இக்கரைசலில் சிறிதளவு எடுத்து விட்டால் மாறுதலின் படிகள் கண்ணுக்குத் தெரியும். தொடக்கத்தில் கருநீலம், சங்கிலி துண்டாகத் துண்டாக ஊதா, பின்னர்ச் சிவப்புக் கலந்த பழுப்பு, முடிவில் அயோடினின் இயற்கை நிறமே தவிர வேறு நிறம் தோன்றாது. பழுப்பு நிறம் காட்டும் நிலையிலுள்ள பொருளே டெக்ஸ்ட்ரின். தபால் தலைகளின் பின்புறத்திலும் கடித உறைகளின் ஓரத்திலும் தடவப்பட்டு வந்த பசை இவ்வினத்தைச் சேர்ந்தது. நிறமற்ற நிலையை அடைந்த கரைசலை வேண்டிய நேரம் அதே இளஞ்சூட்டில் வைத்திருந்து, வடிகட்டி, கொதிக்கவிட்டு நொதியை அடக்கி, சுண்டக் காய்ச்சினால் தேன் போன்ற பாகு கிடைக்கும். இது வெல்லப்பாகு போல் அத்தனை தித்திப்பாயிராது. மால்ட்டோஸுக்கு அதுவே சுபாவம்.

இவ்வாறு முளைத்த தானியத்தில் மாச்சத்தைக் கரைக்கும் பொருள் ஒன்று இருப்பதைப் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் பாயன், பெர்ஸோ என்னும் இரு பிரெஞ்சுக்காரர், ஆண்டு 1833. அவர்கள் அதற்கு டயஸ்டேஸ் என்று பெயரிட்டனர். நொதிகளுள் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது அதுவே. அதற்கு முன் 1811ஆம் ஆண்டிலேயே ருஷ்யாவில் கிர்க்காஃப் என்பவர் திராவகத்தைக் கொண்டு மாச்சத்தைச் சர்க்கரையாக்கியிருந்தார். நமது மாகாணத்திலும் இவ்விஷயம் கவனிக்கப்படாமலில்லை. மேனாட்டு வாற்கோதுமைக்குப் பதிலாக நம்மூர்ச் சோளத்தை முளைகட்டிப் பயன்படுத்தலாமா என்று கோயம்புத்தூர் விவசாய ரசாயன நிபுணர் விசுவநாத்தும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 1918ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டிருக்கின்றனர். பின்னாட்களில் ஆலைகள் முளைதானியத்தைக் கைவிட்டு, பூஞ்சணங்களிலிருந்தும் பாக்டீரியாக்களிலிருந்தும் எடுத்த நொதிகளுக்கு மாறின. ஜப்பானியராகிய தாகாமினே, கோஜி என்னும் பூஞ்சணத்திலிருந்து நொதியெடுத்து 1894ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உரிமை பெற்றது இவ்வழியில் முதற்படி.

இக்காலத்து ஆலைகளில் நடப்பது சுருக்கமாகப் பின்வருமாறு. மாச்சத்தை நீரிற் கலந்து, சூட்டைத் தாங்கும் ஆல்பா அமைலேஸைச் சேர்த்து, நூறு டிகிரியையொட்டிய சூட்டில் இளக்குவர். பின்னர் 60 டிகிரிக்கு ஆற்றி, சிறிது புளிப்பேற்றி, குளுக்கோ அமைலேஸைச் சேர்த்துக் குளுக்கோஸாக மாற்றுவர். சங்கிலி அறுபடும் ஒவ்வோரிடத்திலும் நீர் ஒரு கூறு சேர்வதால், 100 கிலோ உலர்ந்த மாச்சத்து முழுதும் மாறினால் 111 கிலோ குளுக்கோஸ் ஆகவேண்டும் என்பது கணக்கு. இளக்கிய நிலையிலேயே நிறுத்தினால் நெசவு நூலுக்குக் கஞ்சி போடவும் காகிதத்துக்கு மெருகிடவும் தகுந்த மாச்சத்து கிடைக்கிறது. நெய்த துணியிலிருந்து அக்கஞ்சியை நீக்குவதற்கும் அமைலேஸே பயன்படுகிறது. முன்பு இதற்குத் திராவகமிட்டபோது துணியின் நூலும் சேர்ந்து நைந்துபோவதுண்டு. நொதி பஞ்சைத் தொடுவதில்லை.

மேலே கூறப்பட்டவை அனைத்தும் சங்கிலியை அறுக்கும் தொழில்கள். நொதிகளைக் கொண்டு மாச்சத்தோடு வேறு தாவரப் பொருளை ஒட்டவைக்கவும் இயலும் என்பது அண்மைக் காலத்தில் நன்கு நிரூபிக்கப்பட்ட புதுமை. லைபேஸ் எனப்படும் நொதி எண்ணெயை அறுப்பது. நீர் மிகுந்த இடத்தில் அது எண்ணெயைக் கொழுப்பு அமிலங்களாகப் பிரிக்கும். நீர் குறைந்த இடத்திலோ அதே நொதி தன் தொழிலைத் திருப்பிச் செய்கிறது. கொழுப்பு அமிலத்தைக் கொண்டுபோய் மற்றொரு பொருளோடு பிணைக்கிறது. ஒரு கதவு உள்ளே போகவும் வெளியே வரவும் பயன்படுவது போன்றதே இது. ஜனம் எந்தப் பக்கம் நெருக்குகிறதோ அந்தப் பக்கமே நடமாட்டம் இருக்கும்.

திருவனந்தபுரத்திலுள்ள பிராந்திய ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்தவர்கள் (இந்நிலையம் 2007 முதல் தேசிய பல்துறை விஞ்ஞான தொழில்நுட்ப நிலையம் என வழங்குகிறது) மரவள்ளி மாச்சத்தையும் மக்காச்சோள மாச்சத்தையும், மீட்டெடுத்த தேங்காயெண்ணெயோடு, நுண்ணுயிர் லைபேஸைக் கொண்டு பிணைத்த விவரத்தை 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தேங்காயெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். மாச்சத்துச் சங்கிலியின் ஒவ்வொரு குளுக்கோஸ் கூறிலும் இவ்வமிலம் ஒட்டக்கூடிய இடங்கள் மூன்று உண்டு. நூறு கூறுகளுக்குச் சராசரியாக எத்தனை அமிலங்கள் ஒட்டின என்று கணக்கிட்டால் மாற்றத்தின் அளவு விளங்கும். மரவள்ளி மாச்சத்தைக் கரைசலாக 60 டிகிரி சூட்டில் 36 மணி நேரம் வைத்தபோது நூற்றுக்கு 8 ஒட்டின. ஈரம் குறைந்த அரைக்கெட்டி நிலையில் 43 ஒட்டின. நுண்ணலை அடுப்பின் உதவியோடு செய்தபோதோ 110 வரையில் ஏறிற்று. இவ்வாறு மாறிய மாச்சத்து அதிகச் சூட்டைத் தாங்கிற்று. பசையின் கெட்டித்தன்மை குறைந்தது. அமைலேஸ் நொதியால் முன்போல எளிதில் அறுக்கப்படவும் இல்லை. எண்ணெய்ப்பசை ஏறிய மாச்சத்து நீரை விலக்கும் இயல்புடையதாகையால், ஈரம்பட்டால் குழையாத காகித மெருகு, மண்ணில் மட்கும் பை ஆகியவற்றுக்கு இவ்வினப் பொருள் நாடப்படுகிறது. ஒருமுறை உபயோகித்தெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடுக்கப்பட்டிருப்பதையும் இங்கு நினைக்க வேண்டும்.

லைபேஸ் தாவரங்களிலும் உண்டு. ஆமணக்கு விதையில் அது இருப்பது 1890ஆம் ஆண்டிலேயே தெரியவந்தது; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் எண்ணெயைப் பிரிப்பதற்கு ஆமணக்கு விதையையே அரைத்துப் பயன்படுத்தினர். மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஒரே ஆராய்ச்சி நிலையம் சேலம் ஜில்லா ஏத்தாப்பூரில் அமைந்திருப்பது தற்செயலே எனினும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆமணக்கு விதையில் கொடிய நஞ்சும் உண்டு. ஆகையால் ராகியைப்போல இதனை வீட்டில் சோதிக்க எவரும் முற்படலாகாது.

ஆலைகளில் கழியும் திப்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிழங்கை அரைத்து மாச்சத்தை வடித்தபின் எஞ்சும் நார்ச்சக்கையாகிய திப்பியில், உலர்ந்த எடையில் பாதிக்கு மேலும் மாச்சத்தே இருக்கிறது. சல்லடையால் எடுக்க முடியாதபடி அது நாருக்குள் சிக்கியிருப்பது. செல்லுலேஸ், பெக்டினேஸ் ஆகிய நொதிகள் நாரின் சுவரை இளக்கி அதனை விடுவிக்கவல்லன. 1963ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் ஏற்பட்ட மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் இத்துறையில் ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. திப்பி தற்போது மாட்டுத்தீவனத்துக்கும் கோழித்தீவனத்துக்கும் மலிவாகச் செல்கிறது.

இவ்வளவும் கேட்ட குடியானவர், "நொதி வந்தால் கிழங்கு விலை ஏறுமா?" என்று வினவுவது நியாயமே. இதற்கு நேரான விடை கூறுவது எளிதன்று. நொதிக்கு மரவள்ளி, மக்காச்சோளம் என்ற வேற்றுமை கிடையாது. இரண்டையும் ஒன்றுபோலவே அறுக்கும். உலகத்தில் குளுக்கோஸ் தொழில் பெரும்பாலும் மக்காச்சோளத்தைச் சார்ந்தே நடைபெறுகிறது. மக்காச்சோளம் உலர்ந்த தானியம். வருஷம் முழுதும் கிடங்கில் கிடக்கும். எண்ணெயும் புரதமும் உபபொருள்களாகக் கிடைக்கும். மரவள்ளி மாவில் மக்காச்சோள மாவைக் கலக்கிறார்கள் என்ற புகாரும் குடியானவர்களிடையே நெடுநாளாக உண்டு. ஆகையால் வெறும் குளுக்கோஸ் பாகைச் செய்வதில் மரவள்ளி மக்காச்சோளத்தை வெல்லுமென்று நம்பிக் கடன் வாங்குவது புத்திசாலித்தனமாகாது. தெளிவும் வாசனையின்மையும் எங்கே விலை பெறுமோ, அங்கேதான் மரவள்ளிக்கு இடமுண்டு. குழந்தை உணவு, மாத்திரைக் கட்டு, உயர்ந்த காகித மெருகு, உண்ணத்தக்க மெல்லிய பூச்சு ஆகியவை அத்தகையன. எண்ணெய் பிணைத்த மாச்சத்து இன்னும் ஆராய்ச்சிச்சாலையின் அளவிலிருந்து வெகுதூரம் வரவில்லை. லைபேஸின் விலை அதற்குத் தடையாக நிற்கிறது.

ஆனால் எவ்வகைத் தொழில் வந்தாலும் குடியானவனுக்குப் பணம் கிழங்கின் எடைக்கு மட்டும் கிடைப்பதன்று. அதிலுள்ள மாச்சத்தின் புள்ளிக்குக் கிடைப்பது. புள்ளி விஷயத்தில் தங்களுக்குக் குறைத்துக் கணக்கிடுகிறார்கள் என்ற மனத்தாங்கல் பலருக்கு உண்டு. ஆலையில் கூறும் புள்ளியைத் தானே ஒருவாறு சரிபார்த்துக்கொள்ளும் முறை கடினமானதன்று. மாச்சத்து நீரைக் காட்டிலும் கனமானது. ஆகவே மாச்சத்து ஏற ஏறக் கிழங்கின் அடர்த்தியும் ஏறும். மண் போகக் கழுவிய கிழங்கு 5 கிலோவை ஒரு வலைப்பையிலிட்டுத் தராசில் தொங்கவிட்டபடியே நீர்த்தொட்டியில் முழுவதும் அமிழ்த்தி நிறுக்க வேண்டும். வலைப்பையின் எடையை இரண்டு முறையும் தள்ளிவிட வேண்டும். நீருக்குள் 550 கிராம் நின்றதென்று கொள்வோம். 5 கிலோவிலிருந்து அதனைக் கழிக்க 4.45, ஐந்தை இதனால் வகுக்க 1.12 வருகிறது. இதுவே அடர்த்தி. ஒரே ரகத்தில், முதல் வண்டிக்கும் பத்தாவது வண்டிக்கும் அடர்த்தி மாறாதிருக்கையில் புள்ளி மட்டும் குறைந்தால், காரணம் கேட்பதற்குக் குடியானவன் கையில் கணக்கு இருக்கும்.

புள்ளி உண்மையாகவே குறையும் சமயங்களும் உண்டு; அதற்கும் நொதியே காரணம். கோடையில் இலையுதிர்ந்து நின்ற மரவள்ளி, மழை பெய்தவுடன் புதுத்துளிர் விடும். துளிருக்கு வேண்டிய உணவைக் கிழங்கிலுள்ள நொதிகள் மாச்சத்தைக் கரைத்தே அனுப்புகின்றன. எடை குறையாது, சில சமயம் நீர் ஏறுவதால் கூடவும் செய்யும், புள்ளியோ சரியும். ஆகையால் முதிர்ந்த பயிரை விலையை எதிர்பார்த்து மழைக்கு அப்பாலும் நிறுத்தி வைப்போர் லாபநஷ்டத்தை இருபுறமும் கணக்கிட வேண்டும். பிடுங்கும் நாளை ஆலையில் நிச்சயம் செய்துகொண்ட பின்னரே ஆட்களை இறக்க வேண்டும். கிழங்கில் வெட்டுக்காயமும் அடியும் படப்பட, காயத்தின் வழியே கருங்கோடு விரைந்து ஓடும். தூரின் ஒரு பகுதியை ஒட்டவிட்டுப் பிடுங்கினால் சற்றுத் தாமதிக்கும்.

இதே செடியிலுள்ள மற்றொரு நொதியால் ஆபத்தும் உண்டு. இலையிலும் தோலிலும் கிழங்கிலும் லினமரின் என்றொரு பொருள் அடங்கியிருக்கிறது. இலையைக் கசக்கினாலும் கிழங்கை அரைத்தாலும் அதனோடு செடியின் நொதி கலந்து சயனைடு நஞ்சை வெளிப்படுத்தும். பசுந்தழையை மேய்ந்த ஆடுமாடுகள் திடீரென்று மடிவது இதனாலேயே. தழையை நறுக்கி நன்றாக வாட விட்டால் நஞ்சு பெரும்பாலும் ஆவியாகிப் போகும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்க விஷயங்களும் சில உள. மரவள்ளியை வெங்காயத்தோடும் பயறுகளோடும் ஊடுபயிராக இடுவது வழக்கமாகையால், அடங்கலில் அது விடுபட்டுப் போவதோ, குறைந்த பரப்பாகப் பதிவாவதோ நேர்கிறது. எவ்விடத்தில் எத்தனை ஏக்கர் கிழங்கு எம்மாதத்தில் முதிர்கிறது என்பதைக் கொண்டே எந்தத் தொழிற்சாலையும் தன் இடத்தைத் தேர்ந்தெடுக்கும். பதிவு தவறினால் பயிர்க்காப்பீட்டிலும் நிவாரணத்திலும் நஷ்டம் குடியானவனுக்கே. அன்றியும் மாச்சத்துத் தொழில் நீரை ஏராளமாகச் செலவிடுவது. கழிவுநீர் மாச்சத்தோடு கலந்து புளித்துத் துர்நாற்றம் வீசும். கிணற்று நீரையும் கெடுக்கும். சேலம் பக்கத்து ஆலைகள் பலவற்றில் அக்கழிவுநீரை மூடிய தொட்டிகளிலிட்டு எரிவாயு எடுக்கும் முறை ஏற்பட்டிருக்கிறது. புதிதாக ஆலை கேட்டு வருவோரிடம் கழிவுநீருக்கு என்ன ஏற்பாடு என்று முதலிலேயே வினவுவது, பின்னர் மகஜர் எழுதுவதைவிட மேலானது.

சிறிய அளவில் தொடங்க விரும்பும் மகளிர் குழுக்களுக்கும் குடியானவர் சங்கங்களுக்கும் முளைராகி நொதிமாவு ஒன்றே தற்போது கைக்கெட்டும் வழியாகும். ராகியும் மரவள்ளி மாவும் ஒரே ஜில்லாவில் விளைகின்றன. உலர்த்தும் களமும் மாவரைக்கும் இயந்திரமும் தவிரப் பெரிய முதலீடு வேண்டுவதில்லை. முளைமாவை 50 டிகிரிக்கு மேற்படாத சூட்டில் உலர்த்தி, ஈரம் புகாத பைகளில் அடைத்து, ஒவ்வொரு தொகுதியிலும் மேலே கூறிய பசைச் சோதனையைச் செய்து, எத்தனை நிமிஷத்தில் இளகியது என்பதைப் பையின்மேல் குறித்து வைத்தல் வேண்டும். பதினைந்து நிமிஷத்துக்குள் இளக்காத மாவைக் களிக்குக் கொடுத்துவிடலாம்.